பாதாளத்தில் ஒரு குழந்தை

சித்திரக்கதை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே முகஞ் சுளிக்கும் ஆசிரியர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன். இதனை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் உண்டு. ஆயினும் இக்கட்டுரை அவ்வெட்கத்திலிருந்தே பிறந்ததாகையால் அதனை மறைப்பதற்கில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நமது முற்போக்கு எழுத்தாளர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து குவிந்த தரமற்ற வணிகச் சஞ்சிகைகளுக்கு எதிராகக் குரலெழுப்பினார்கள். அக்குரலில் நியாயம் இருந்தது. என் போன்றோர் அக்குரலை முதுசொம்மாகப் பெற்றுக்கொண்டோம். அதன் நியாயத்தையும் சேர்த்துப் பெற்றோமா என்பது வேறு விடயம். படம் நிறைந்த புத்தகம் நச்சு, எழுத்து நிறைந்த புத்தகம் அறிவு என்ற எளிய வாய்பாடு ஒன்றே என் கையில் எஞ்சியிருந்தது.

2019ஆம் ஆண்டின் இரண்டாந் தவணையில் ஒருநாள் உயர்தர வகுப்பிலே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் கொப்பிக்குக் கீழே தடித்த நூலொன்றை வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். பரீட்சைகளிலே பின்தங்கியவன், வரவுப் பதிவேட்டிலே சிவப்பு மையை அதிகமாகப் பெற்றவன். ஆசிரியர் ஓய்வறையில் அவன் பெயர் அடிபடும்போதெல்லாம் யாராவது ஒருவர் பெருமூச்சு விடுவார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். நூலைப் பறித்தேன். இலக்கியத்தின் பணி யாது என்பது பற்றி ஐந்து நிமிடப் பிரசங்கம் ஒன்றையும் நிகழ்த்தினேன். பாடவேளை முடிந்ததும் அவன் மேசையருகே வந்து நின்றான்.

“சேர், கிழிச்சுப் போடாதேங்கோ. மாமா கனடாவிலையிருந்து அனுப்பினவர். மொத்தம் ஆறு பாகம்.”

கிழிக்கக்கூடிய மனிதன் என்று அவன் என்னைப் பற்றி எண்ணியிருந்தது என்னைச் சற்றுச் சுட்டது. நூலை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். மறுநாள் ஓய்வு வேளையொன்றில், எத்தகைய குப்பையை இப்பிள்ளைகள் வாசிக்கின்றனர் என்று அறியும் அதிகாரத் தோரணையுடன் அதனைத் திறந்தேன். அடுத்த மணி அடித்ததும் எனக்குக் கேட்கவில்லை.

அந்நூலின் பெயர் “அக்கிரா”. ஆக்கியோன் யப்பானிய ஓவியர் கத்சுஹிரோ ஒட்டோமோ. கொடான்ஷா நிறுவனத்தின் “யங் மகசின்” என்னும் சஞ்சிகையில் 1982 டிசம்பரில் தொடங்கி 1990 ஜூன் வரை தொடராக வெளிவந்து, பின்னர் ஆறு பாகங்களாக நூலுருப் பெற்றது. இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. முதற் பக்கங்களிலேயே டோக்கியோ நகரம் அழிந்துபோகிறது. 1982 டிசம்பர் 6ஆந் திகதி புதுவகைக் குண்டொன்று அந்நகரின்மேல் வெடித்ததாகவும், மூன்றாம் உலகப்போர் அதனால் மூண்டதாகவும் மூலநூல் கூறுகிறது. தொடர் தொடங்கியதும் அதே மாதத்திலேதான். புகையிரதத்தில் நின்றபடி அச்சஞ்சிகையைப் பிரித்த டோக்கியோ வாசகன், தான் பிரயாணஞ் செய்துகொண்டிருக்கும் நகரம், தான் வாழ்ந்துகொண்டிருக்கும் மாதத்திலேயே இல்லாமற் போவதைக் கண்டிருப்பான். வருங்காலக் கதைகள் வழக்கமாக வாசகனுக்கு அளிக்கும் பாதுகாப்பான தூரத்தை ஒட்டோமோ முதலடியிலேயே பறித்துவிடுகிறார்.

பின்னர் கதை 2019ஆம் ஆண்டுக்குத் தாவுகிறது. நான் வாசித்துக்கொண்டிருந்த அதே ஆண்டு. பழைய நகரம் ஒரு பெரும் பள்ளமாகக் கிடக்க, விரிகுடாவின்மேல் நியோ டோக்கியோ என்னும் புதிய தலைநகர் எழுந்திருக்கிறது. வானளாவும் கட்டடங்கள், அவற்றின் அடியிலே குப்பை நிறைந்த சந்துகள், வீதிகளிலே ஆர்ப்பாட்டமும் கண்ணீர்ப் புகையும். கனேடா, தெத்சுவோ முதலிய பதின்வயது இளைஞர்கள், எவரும் விரும்பிச் சேராத தொழிற்பயிற்சிப் பாடசாலை ஒன்றின் மாணவர்கள், இரவிலே கைவிடப்பட்ட நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களை ஓட்டித் திரிகிறார்கள். பள்ளத்தின் விளிம்பை அண்டிய பாதையில், முதியவனின் முகமுடைய ஒரு சிறுவன் திடீரென எதிர்ப்படுகிறான். தெத்சுவோ விபத்துக்குள்ளாகிறான். பின்னர் இருவரும் இராணுவத்தின் கையில் அகப்படுகிறார்கள்.

அச்சிறுவனின் உள்ளங்கையிலே ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டுள்ளது. மனத்தின் ஆற்றலை ஆயுதமாக்கும் பொருட்டு அரசு இரகசியமாக நடத்திய பரிசோதனைகளுக்கு உட்படுத்தப்பட்ட குழந்தைகளுள் அவன் ஒருவன். மருந்துகள் அவர்களுடைய உடலைக் குழந்தையாகவே நிறுத்தி முகத்தை முதுமையாக்கிவிட்டன. அவர்களுள் இருபத்தெட்டாம் இலக்கத்தையுடையவன் அக்கிரா. பழைய டோக்கியோவை அழித்தது பகைவனின் குண்டல்ல, இச்சிறுவனே என்பது வாசகனுக்குப் படிப்படியாகத் தெரியவருகிறது. அவனை எவரும் கொல்லத் துணியவில்லை, விடுவிக்கவும் துணியவில்லை. தனிப்பூச்சியத்தை அண்டிய குளிரில் உறையவைத்து நிலத்தடியில் புதைத்திருக்கிறார்கள். அந்த நிலத்தடியின்மேல் கட்டப்படுவது யாது? அடுத்த ஆண்டு, அதாவது 2020இல், நடைபெறவுள்ள ஒலிம்பிக் போட்டிக்கான விளையாட்டரங்கு.

விழாவின் அத்திவாரத்துக்குக் கீழே ஒரு குழந்தை உறைந்து கிடக்கிறது. இப்படிமம் ஒன்றுக்காகவே ஒட்டோமோவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வார இறுதிக்குள் முதற் பாகத்தை முடித்துவிட்டேன். திங்கட்கிழமை அவனை அழைத்து நூலைத் திருப்பிக் கொடுத்து, இயன்றளவு சாதாரணமான குரலில் இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை, அதற்காக இன்றும் அவனுக்கு நன்றி. மறுநாள் இரண்டாம், மூன்றாம் பாகங்களைக் கொண்டுவந்தான். கொடுக்கும்போது, “சேர், 2020 ஒலிம்பிக் டோக்கியோவிலையெண்டு அந்தாள் எண்பதுகளிலேயே சொல்லிப்போட்டார், தீர்க்கதரிசி” என்றான். டோக்கியோவுக்கு அப்போட்டி வழங்கப்பட்டது 2013இல். எனவே அவனுடைய வியப்பில் பிழையில்லை. உலகெங்கும் பல வாசகர்கள் இதே வியப்பில் மூழ்கினார்கள்.

நான் அதனை ஏற்கவில்லை; அன்றும் அவனுக்கு அதைச் சொன்னேன். ஒட்டோமோ 1954இல் மியாகி மாநிலத்திலே பிறந்தவர். யப்பானியத் தலைநகரின் 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியின்போது அவருக்குப் பத்து வயது. அந்த விழா எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். 1945 மார்ச் 10ஆந் திகதி இரவு அமெரிக்க விமானங்கள் பொழிந்த தீக்குண்டுகளால் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் டோக்கியோவில் எரிந்து மாண்டனர். ஐந்து மாதங்களின் பின் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன. அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளின் பின், உலகின்முன் யப்பான் தன்னைப் புதிதாகக் காட்டிக்கொண்டது. அதிவேகப் புகையிரதம் போட்டிக்கு ஒன்பது நாட்கள் இருக்கும்போது ஓடத் தொடங்கிற்று. நகரின் பழம்பெரும் நிஹொன்பாஷிப் பாலத்தின் தலைக்குமேல் நெடுஞ்சாலை எழுந்து அதனை இருளில் ஆழ்த்திற்று. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அதே நாளில், அதே மாநிலத்தில் பிறந்த ஓர் இளைஞனே அரங்கிலே ஒலிம்பிக் தீபத்தை ஏற்றினான். எரிந்த நகரத்தின் நினைவை விழாவின் தீபமாக மாற்றும் வித்தை அன்றே நிகழ்ந்துவிட்டது.

இடையிலே 1960ஆம் ஆண்டும் இருந்தது. அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து லட்சக்கணக்கான மக்கள் டோக்கியோ வீதிகளில் திரண்டனர். ஜூன் 15ஆந் திகதி பாராளுமன்ற வளவில் நிகழ்ந்த மோதலில் கன்பா மிச்சிக்கோ என்னும் பல்கலைக்கழக மாணவி உயிரிழந்தாள். ஒப்பந்தம் நிறைவேறிற்று. அதன்பின் பொருளாதார வளர்ச்சி என்ற மந்திரமே நாட்டை ஆண்டது. அறுபதுகளின் இறுதியில் மாணவர் இயக்கம் மறுபடியும் கிளர்ந்து, 1969 ஜனவரியில் டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் யசுதா மண்டபத்திலே பொலிசாரின் நீர்ப்பீரங்கிகளின்முன் வீழ்ந்தது. ஒட்டோமோ டோக்கியோவுக்கு வந்து ஓவியராகத் தொழில் தொடங்கியது எழுபதுகளின் தொடக்கத்தில். இயக்கம் சிதறிய காலம். அவருடைய ஆரம்பக் கதைகளிலே வேலையற்றோரும் வாடகை அறைவாசிகளும் உலவினர். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் வரைந்த “தோமு” முற்றிலும் ஒரு மாடி வீட்டுத் தொகுதிக்குள்ளேயே நிகழ்வது. தமது இளமைக்கால டோக்கியோவை, போருக்குப் பிந்திய மீள்கட்டுமானத்தையும் அலைக்கழிந்த இளைஞரையும், அந்நிய வல்லரசின் நிழலையும் மனத்திற் கொண்டே “அக்கிரா”வை ஆக்கியதாக அவர் பிற்காலத்தில் கூறியுமிருக்கிறார்.

ஆகவே அது தீர்க்கதரிசனம் என்பது அதனைச் சிறுமைப்படுத்துவதாகும். ஒட்டோமோ வரைந்தது நினைவை. வருங்காலம் என்ற போர்வையை நினைவின்மேல் போர்த்தியமையாலேயே அதனைத் தொடர்ந்து பத்திரிகைக் கடையில் விற்க முடிந்தது. கதாபாத்திரங்களின் பெயர்களே இதற்குச் சான்று. 1956இல் தொடங்கிய, மித்சுதெரு யொக்கோயாமாவின் “தெத்சுஜின் 28” என்ற சிறுவர் சித்திரக்கதையிலே, யுத்தகாலத்தில் இராணுவத்துக்கென ஆக்கப்பட்ட இயந்திர மனிதனைப் பின்னர் கனேடா என்னும் சிறுவன் நன்மைக்காக இயக்குகிறான். யப்பானியக் குழந்தைகள் ஒரு தலைமுறை முழுவதும் அதிலே மகிழ்ந்தனர். ஒட்டோமோ அதே கனேடாவையும் அதே இருபத்தெட்டையும் எடுத்துக்கொண்டு, இயந்திரம் இருந்த இடத்தில் ஒரு குழந்தையை வைத்தார். ஆயுதத்தை நல்ல பிள்ளையின் கையிற் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பழைய ஆறுதலை இதைவிடக் கடுமையாக எவரும் மறுத்ததை நான் அறியேன்.

ஓவியத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. ஆயினும் ஒன்று சொல்வேன். அவர் ஒவ்வொரு யன்னலையும் வரைகிறார். ஐம்பது மாடிக் கட்டடமெனில் ஐம்பது வரிசை யன்னல்களும் அங்கே இருக்கின்றன. சோம்பலால் விடப்பட்ட ஒரு கோடு இல்லை. முதலில் இது வீண் உழைப்பாகத் தோன்றிற்று. கட்டடங்கள் உடைந்து விழத் தொடங்கியபோதே காரணம் விளங்கிற்று. யன்னல்களை எண்ணியவனுக்கே இழப்பின் கணக்கும் தெரியும்.

இதே கதையை ஒட்டோமோவே நெறியாண்டு 1988இல் திரைப்படமாகவும் ஆக்கினார். மாணவன் அதனை ஒரு பென்டிரைவில் கொண்டுவந்து தந்தான். அதிலே ஒரு காட்சி: பொலிசாரிடமிருந்து மீண்டுவந்த மாணவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஆசிரியர் ஒவ்வொருவரின் முகத்திலும் குத்துகிறார். குத்து வாங்கிய ஒவ்வொருவனும் உரத்த குரலில் நன்றி கூறுகிறான். நகைச்சுவைக் காட்சிதான். நான் சிரிக்கவில்லை. என் கை எந்த மாணவனையும் தொட்டதில்லை என்று நான் பெருமைப்படுவதுண்டு. ஆனால் கடைசி வாங்கில் இருப்பவன் எப்படியும் தேறப்போவதில்லை என்ற தீர்ப்பை ஓய்வறையில் எத்தனை தடவை மௌனமாக ஆமோதித்திருக்கிறேன்! நியோ டோக்கியோவின் தொழிற்பயிற்சிப் பாடசாலை, சமுதாயம் தனக்குத் தேவையற்றவர்களென்று கருதுவோரைச் சிறிது காலம் கூரைக்கடியில் வைத்திருக்கும் கிடங்கு. அப்படிப்பட்ட கிடங்குகளை நடத்துவோருள் ஒருவனாக என்னை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

தெத்சுவோ அக்கிடங்கின் கடைநிலைப் பிள்ளை. கூட்டாளிகளுள்ளே மெலிந்தவன், எப்போதும் கனேடாவினால் காப்பாற்றப்படுபவன், காப்பாற்றப்படுவதையே அவமானமாக உணர்பவன். இராணுவ வைத்தியர்கள் அவனுக்கு நாற்பத்தோராம் இலக்கத்தை அளித்து, அவனுள் ஒரு பேராற்றலைக் கிளறிவிடுகிறார்கள். அதனைக்கொண்டு அவன் செய்வதென்ன? தன்னை இழிவுபடுத்திய உலகத்தைப் பழிதீர்க்கிறான். அழிவுக்குப் பின்னர் சிதைந்த நகரிலே அக்கிராவை அரியணையில் இருத்தி, “மகா டோக்கியோப் பேரரசு” என்று ஒன்றை நிறுவி, பசித்த மக்களுக்கு உணவுடன் போதைக் குளிகையையும் வழங்கி ஆள்கிறான். ஒடுக்கப்பட்டவன் என்பதாலேயே ஒருவன் விடுதலையாளனாகிவிடுவதில்லை. இயக்கமும் கல்வியும் தோழமையும் வாய்க்காத கோபம் எங்கே போய்ச் சேரும் என்பதற்குத் தெத்சுவோவின் கதை ஒரு பாடம். இவ்விடத்தில் ஒட்டோமோ எங்கள் அரசியல் வகுப்புகள் பலவற்றைவிடத் தெளிவாகப் பேசுகிறார். கடைசியில் அந்த ஆற்றல் அவனுடைய உடலையே மீறிப் பெருகி அவனை விழுங்குகிறது.

மூன்றாம் பாகத்தின் முடிவைப் பற்றி எழுதுவது எனக்கு எளிதன்று. விழித்தெழுந்த அக்கிரா நகரின் வீதிகளிலே கைக்குக் கைமாறுகிறான். அவனைக் கேணல் தேடுகிறான். புரட்சிக் குழுவினர் தேடுகின்றனர். மியாக்கோ என்னும் மதத்தலைவியின் ஆட்களும் தேடுகின்றனர். எல்லோரையும் பயன்படுத்திக்கொள்ளும் நெசு என்ற எதிர்க்கட்சி அரசியல்வாதியும் தேடுகிறான். அக்கிராவோ ஒன்றும் பேசாத, முகத்தில் எவ்வுணர்ச்சியுமற்ற சிறு பையன். தனக்குக் கிட்டாதது எவருக்கும் கிட்டலாகாது என்று நெசு அவனை நோக்கிச் சுடுகிறான். குண்டு மற்றொரு குழந்தையின்மேல் பாய்கிறது. கதையின் தொடக்கத்தில் வீதியிலே எதிர்ப்பட்ட, முதிய முகமுடைய அதே தக்காஷி. தன் தோழனின் மரணத்தைக் கண்ட அக்கணத்திலே அக்கிரா வெடிக்கிறான். இரண்டாந் தடவையாகவும் நகரம் அழிகிறது.

அதன்பின் பக்கம் பக்கமாக வசனமில்லை. கட்டடங்கள் சரிகின்றன, கடல் உள்ளே வருகிறது. அவ்வளவுதான். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்திலிருந்து வெளியேறிய சனத்துள் நானும் ஒருவன். அப்போது எனக்கு இருபது வயது. மறுவருடம் திரும்பி வந்து கூரையற்ற வீடுகளுக்கு நடுவே எங்கள் வீதியைத் தேடியபோது, அருகில் வந்த அப்பா ஒரு சொல்லும் பேசவில்லை. எழுத்தாளர்கள் அந்த நாட்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நானும் சிறிது எழுதினேன். அம்மௌனத்தை நான் முதன்முதலாக அச்சிலே கண்டது, குப்பை என்று பறித்து லாச்சியிலே பூட்டிய நூலின் தொடர்ச்சியிலேதான்.

இவ்வளவு புகழ்ந்த பின் குறையையும் சொல்லவேண்டும். நகரத்தை மேலும் கீழுமாகப் பிளந்து காட்டிய முன்னோடி ஜெர்மனியரான பிரிட்ஸ் லாங் என்பவரின் “மெற்றோப்பொலிஸ்” திரைப்படம், 1927. அங்கே நிலத்தடியில் வாழ்பவர்கள் தொழிலாளர்கள். படத்தின் முடிவிலே கோயில் வாசலில் முதலாளியும் தொழிலாளர் பிரதிநிதியும் கைகுலுக்குகிறார்கள். அந்தச் சமரசம் பொய் என்பதை அன்றே பலர் சுட்டினர். ஒட்டோமோ அத்தகைய பொய்ச் சமரசம் எதையும் செய்யவில்லை. ஆனால் லாங் காட்டிய தொழிலாளர்களே இங்கே காணாமற் போய்விட்டார்கள். அந்த எண்ணற்ற யன்னல்களைப் பொருத்தியவர்கள் யார்? அரங்கின் அத்திவாரத்தைத் தோண்டியவர்களின் வீடு எங்கே? அவர்கள் ஓடுங் கூட்டமாகவும் உணவுக்கு நிற்கும் வரிசையாகவுமே தோன்றுகின்றனர். புரட்சிக் குழுவின் பெண்களான கேயும் சியொக்கோவும் மனத்திலே நிற்கும் பாத்திரங்களே. அவர்களுக்கும் மக்களுக்கும் இடையிலான உறவுதான் புலப்படவில்லை.

உண்மை ஒலிம்பிக்கின் அரங்கைப் பற்றித் தேடி வாசித்தபோது இக்குறை இன்னுந் துலக்கமாகப்பட்டது. 1964 போட்டிக்காக வீடிழந்தோர் குடியமர்த்தப்பட்ட கசுமிகஓகா என்னும் பொது வீடமைப்புத் தொகுதி, 2020 போட்டிக்கான அரங்கின் பொருட்டு இடிக்கப்பட்டது. இரண்டு ஒலிம்பிக்குக்கும் தன் வீட்டைக் கொடுத்த முதியவர் ஒருவரும் அங்கே இருந்தார். 2017 மார்ச் மாதத்தில் அவ்வரங்கின் கட்டுமானத்தில் ஈடுபட்டிருந்த இருபத்து மூன்று வயது இளைஞன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டான். அதற்கு முந்திய மாதத்தில் அவன் செய்த மேலதிக வேலை 190 மணித்தியாலங்களுக்கு மேல். மிகையுழைப்பே காரணமென அதிகாரிகள் பின்னர் ஏற்றுக்கொண்டார்கள். அந்த அரங்கின் அடியில் உறைந்த குழந்தை எதுவும் இருக்கவில்லை என்று எவராற் சொல்ல முடியும்?

எஞ்சிய பாகங்களை அவ்வாண்டு முடிவதற்குள் ஒவ்வொன்றாக வாசித்தேன். 2020 மார்ச்சிலே பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆறாம் பாகம் என்னிடம் இருந்தது. ஊரடங்கு நாட்களில் அவன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தை அனுப்பினான். ஒலிம்பிக்குக்கு இன்னும் 147 நாட்கள் என்று அறிவிக்கும், திரைப்படத்தில் வரும் பலகை. அதன்கீழே யாரோ “நிறுத்து” என்ற பொருள்படக் கிறுக்கியிருக்கிறார்கள். அந்த வாரம்தான் போட்டி ஒத்திவைக்கப்பட்டிருந்தது. “இப்பவாவது நம்புறீங்களோ சேர்?” என்று கேட்டிருந்தான். நான் சிரித்துக்கொண்டு மறுமொழி எழுதினேன். அதன்பின் அவன் கேட்டது வேறொரு கேள்வி.

நூலின் முடிவு பற்றியது அது. தெத்சுவோ மறைந்த பின் நிவாரணப் பணிக்கென வெளிநாட்டுப் படையினர் சிதைந்த நகருக்குள் இறங்குகிறார்கள். கனேடாவும் எஞ்சிய இளைஞர்களும் ஆயுதங்களுடன் எதிரே தோன்றி, இது எங்கள் நாடு, எங்கள் இறைமையில் தலையிடவேண்டாம், திரும்பிப் போங்கள் என்று கூறுகிறார்கள். பின்னர் மோட்டார் சைக்கிள்களில் இடிபாடுகளுக்கூடாகப் பறக்கிறார்கள். கடைசிப் பக்கங்களில் அவர்களின் இருமருங்கும் கட்டடங்கள் மறுபடி எழுந்து நிற்பதாகத் தோன்றுகிறது. அமெரிக்கப் படையின் ஆக்கிரமிப்புக்குட்பட்ட, பின்னரும் அதன் தளங்களைச் சுமக்கும் ஒரு நாட்டின் கலைஞன் அம்முடிவை வரைந்ததன் பொருள் எனக்கு விளங்குகிறது. என் மாணவப் பருவத்தில் வாசித்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

அவனுடைய குடும்பம் கிளிநொச்சியைச் சேர்ந்தது. 2008 செப்டெம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் அளிக்க இயலாது, வெளியேறுங்கள் என்று அரசாங்கம் கூறியதன்பேரில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் பணியாளர் வன்னியிலிருந்து புறப்பட்டனர். போகவேண்டாம் என்று இரந்து மக்கள் அவர்களுடைய அலுவலக வாயிலில் கூடினர். அப்போது அவனுக்கு ஆறு வயது.

“அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அந்தக் கேற்றடியிலை நிண்டவ. எங்கடை சனம் போகவேண்டாமெண்டு மறிச்சது. இவங்கள் வந்தவையைப் போகச்சொல்லுறாங்கள். உங்களுக்கு எது சரியெண்டு படுது சேர்?”

உடனே எழுதக்கூடிய பதில் என்னிடம் இருந்தது. ஏகாதிபத்தியம், இறைமை, சுயநிர்ணயம்: இச்சொற்களைக் கால் நூற்றாண்டாக வகுப்பிலும் மேடையிலும் விளக்கி வந்தவன் நான். எழுதத் தொடங்கியபோதுதான், வன்னியிலிருந்து அவர்களை வெளியேற்றியவர்களும் இறைமை என்ற அதே சொல்லையே பேசினார்கள் என்பது நினைவுக்கு வந்தது. எழுதியதை அழித்தேன். அரசற்ற அநாதைப் பிள்ளைகளின் வாயில் அச்சொல் ஒரு பொருளையும், படையும் பாராளுமன்றமும் உள்ளோரின் வாயில் வேறொரு பொருளையும் பெறுகிறது என்று இரண்டு நாட்களின் பின் சற்று நீளமாக எழுதினேன். அக்கருத்து பிழையென்று இன்றும் நான் கருதவில்லை.

அவன் வாசித்திருந்தான். நெடுநேரத்தின் பின் மறுமொழி வந்தது.

“விளங்குது சேர். ஆனா அண்டைக்கு இரவு அந்தச் சனத்துக்கு ஆர் சாப்பாடு குடுத்தது?”

பாடசாலை மீண்டும் திறந்தபோது அவன் வரவில்லை. 2022இல் கட்டட வேலைக்காகக் கட்டாருக்குச் சென்றுவிட்டதாக அவனுடைய தாயார் கூறினார். ஐந்து பாகங்களை அவரிடம் கொடுத்தேன். ஆறாம் பாகத்தை இன்னும் கொடுக்கவில்லை. அது என் மேசை லாச்சியிலேயே இருக்கிறது. இப்போது அந்த லாச்சியை நான் பூட்டுவதில்லை.